வேளாண்மை: ஒரு சொல்லும் அதன் உடைமையும்

'வேளாண்மை' இன்று பயிர்ச்செய்கையின் பெயர். திருக்குறளிலோ விருந்தோம்பல், ஒப்புரவறிதல், ஆள்வினையுடைமை ஆகிய அதிகாரங்களில் உபகாரம் என்ற பொருளிலேயே இச்சொல் ஆளப்படுகிறது. 'உழவு' அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஒன்றிலேனும் அது இல்லை. இதனை வெறும் சொல்லாட்சி வேறுபாடாகக் கொள்வதற்கில்லை. ஈவதற்கு மிகைவிளைவு வேண்டும். அதனை விளைவிப்பவனும் ஈந்து புகழ்பெறுபவனும் எப்போதும் ஒருவனல்லன். ஈகையின் பெயரே தொழிலின் பெயராகி, நிலவுடைமைச் சாதியின் பெயரோடும் உறவுகொண்டபோது, உழைத்தவன் சொல்லுக்குள்ளேயே மறைக்கப்பட்டான் என்பது எமது துணிபு.

உழவதிகாரம் நிலத்துக்குரியவனைக் 'கிழவன்' என்கிறது. அவன் சென்று பாராவிடின் நிலம் மனைவிபோல் ஊடுமாம். (ஆங்கிலத்தின் 'ஹஸ்பண்ட்றி'யும் இல்லத்தலைவனைக் குறித்த சொல்லின் வழிவந்ததே.) உடைமையுறவு இங்கு இல்லறவுறவாகத் தோற்றம் பெறுகிறது.

இத்தோற்றத்தை ஊர்காவற்றுறையிலும் அயற்றீவுகளிலும் வைத்து நோக்குவோம். ஆறில்லாத, வடகீழ்ப் பருவமழையை நம்பிய நிலம் இது. மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் நெற்செய்கை. இங்குள்ள பேச்சுவழக்கு 'கமம்'. 'கமக்காரன்' தொழில்செய்வோனின் பெயர் போலத் தோன்றினும், ஒடுக்கப்பட்டோர் நிலவுடைமையாளரை விளித்த பெயராகவும் அது இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை அடிமைகளைப் பற்றித் தனியே பேசுகிறது. கோவியர், நளவர், பள்ளர் அதில் இடம்பெறுகின்றனர். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயின் விடுதலை பெற்றவருக்கு அச்சட்டம் நிலம் வழங்கவில்லை. அச்சமூகத்தை உழைப்போர் பக்கம் நின்று காண விரும்புவோர் டானியலின் 'பஞ்சமர்' (1972) நாவலைப் படித்தல் வேண்டும்; எமது அகராதிகள் அதற்கு உதவா.

தீவகத்தார் பலர் தென்னிலங்கையில் கடை நடத்தினர். கிழவன் ஊரில் இல்லை. ஆயினும் நிலம் ஊடவில்லை. ஏனெனில் வாரத்துக்கோ கூலிக்கோ வேறொருவர் அதனைக் கொத்தினர், விதைத்தனர், அரிவு வெட்டினர். குறளின் உவமை இவர்களை அறியாது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வாரத்துக்குச் செய்தவனுக்கு ஓரளவு காப்பளித்தது. கூலிக்குக் கொத்தியவனுக்கு அந்நிலத்தில் அது எவ்வுரிமையும் அளிக்கவில்லை.