விலங்குவினாவும் உயிரின் இயல்பும்

தன்னைத் தான் அறிதல் வேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு இயல்பாயுள்ளது. அவ்வேட்கைக்கு எளியதொரு விடை இக்காலத்துக் கைப்பேசியிலேயே கிடைக்கின்றது. தனித்திருத்தல் விருப்பமோ கூட்டம் விருப்பமோ, சினம் வந்தவிடத்துப் பேசுதலோ அடங்குதலோ என்றாற் போன்ற சில வினாக்களுக்கு விரலால் தொட்டு விடை கொடுத்தால், "நீவிர் சிங்கம்" என்றோ "நீவிர் ஆந்தை" என்றோ ஒரு முடிபு தோன்றும். மேனாட்டில் இது விளையாட்டளவில் நில்லாது, பணியாளரைப் புறா, ஆந்தை, மயில், கழுகு என நால்வகையாகப் பகுத்துக் காண்பதற்கும் பயன்படுகின்றது.

மக்களை விலங்கோடும் பறவையோடும் ஒப்பிடுதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் செய்த நன்னூற் பாயிரத்துள் மாணாக்கர்க்கு எட்டு உவமை கூறப்பட்டுள்ளன. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கு. ஆசிரியர் சமணரேயாயினும் இந்நூல் சைவ மடங்களிற் போற்றிப் பயிலப்பட்டது. சங்கர நமச்சிவாயப் புலவர் அதற்கு விருத்தியுரை கண்டார். அவ்வுரையைத் திருத்திச் செப்பஞ் செய்தவர், காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் பாடிய மாதவச் சிவஞான முனிவர்.

இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்கின் வேற்றுமை விளங்கும். நன்னூலின் எட்டு உவமைகளுள் உயிருள்ளன ஐந்தே. மண்ணும், ஓட்டைக்குடமும், நெய்வடிக்கும் பன்னாடையும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டன. மாணாக்கன் இன்ன விலங்கு என்று கூறுதலே ஆசிரியர் கருத்தாயின், குடத்தையும் பன்னாடையையும் உடன் வைத்தற்குக் காரணம் இல்லை. பாலை நீரினின்று பிரித்தல், மேய்ந்ததை அசைபோடுதல், குளத்தைக் கலக்கி உண்ணல், நெய்யை விடுத்துக் கசட்டைப் பற்றுதல் என்னும் தொழில்களே உவமைக்குக் கொள்ளப்பட்டன. ஆகவே அவ்வுவமை கொள்ளும் முறையைக் குறித்ததன்றிக் கொள்வானது பிறப்பியல்பைக் குறித்ததன்று. கைப்பேசி வினாவோ, "நீவிர் இவ்வாறு செய்கின்றீர்" என்னாது, "நீவிர் இது" என்று முடிக்கின்றது.

மற்றொரு வேற்றுமை, காண்பான் யார் என்பது. நன்னூலில் மாணாக்கனை நாளும் காணும் ஆசிரியன் மதிக்கின்றான். வினாவிலோ, ஒருவன் தன்னைப்பற்றித் தானே சொல்லியதே அவனுக்கு மீட்டும் சொல்லப்படுகின்றது. 1948-ஆம் ஆண்டு அமெரிக்க உளநூல் வல்லார் பெர்ட்ராம் போரர் என்பார் தம் மாணவர் 39 பேர்க்குக் குணத்தேர்வொன்று நடத்தி, அவரவர்க்கு உரியது எனக் கூறி முடிபு கொடுத்தார். உண்மையில் அனைவர்க்கும் கொடுத்தது சோதிட நூலிலிருந்து தொகுத்த ஒரே வாசகம். அது தமக்குப் பொருந்துமாற்றை 5-க்கு மதிப்பிட்ட மாணவர் அளித்த சராசரி 4.26. பொதுமொழியைத் தன்மொழியாகக் கொள்ளுதற்கு மனம் எத்துணை விரைகின்றது என்பது இதனால் அறியப்படும்.

அற்றேல், "எருமை என்று இகழ்ந்த நூலினும் சிங்கம் என்று மகிழ்விக்கும் வினா நன்றன்றோ" எனின், அற்றன்று. கடைமாணாக்கனைச் சுட்டிய அப்பாயிரமே பாடங்கேட்கும் முறையையும் வகுக்கின்றது. இருமுறை கேட்டவனுக்குப் பிழை குறையும். மும்முறை கேட்டவன் முறையறிந்து சொல்வான். ஆசிரியனிடம் கேட்டதனால் வருவது காற்பங்கு, உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு, பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அதன் கருத்து. குறையைக் காட்டிய இடத்திலேயே அதனைக் கடக்கும் வழியும் உளது. வினா தரும் சிங்கத்திற்கோ மேற்செல்ல வழியும் இல்லை. வேண்டும் என்ற எண்ணமும் எழாது.

எனினும் நன்னூலைக் கற்றோரும் பிழைபடுதல் உண்டு. உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விடுத்து, மெல்லக் கற்கும் சிறுவனை நாடோறும் எருமை என்பார் உளர். சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பு என்பது சித்தாந்தம். படிகம் அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிர் தான் சார்ந்ததன் தன்மையை எய்தும். நாளும் சாத்தப்படும் பெயரும் அவ்வாறு சார்வதே. அச்சிறுவன் அதனையே தன் இயல்பு எனக் கொண்டு கல்வியைக் கைவிடின் அப்பிழை அவனதன்று. விலங்கு என்னும் சொல் மிருகத்திற்கும் தளைக்கும் பொதுவாதல் ஈண்டு நினைக்கத்தக்கது. பசு என்று உயிரை நம் ஆசிரியர் வழங்கியதும் பாசத்தாற் கட்டுண்டமை நோக்கியே. கட்டு நீங்கும் என்பதும் அச்சொல்லின் உட்கோள்.

காஞ்சியில் நெய்யும் பட்டிலே அன்னமும் மயிலும் யாளியும் கரையில் ஓடுகின்றன. அன்னம் நெய்த பட்டை உடுத்தவள் அன்னமாதல் இல்லை. உடுத்து மகிழ்ந்து களைந்து வைப்பாள். வினா தரும் விலங்கையும் அவ்வளவில் கொள்வார்க்குக் கேடில்லை. அந்நகரத்துக் கச்சபேசத்தில் திருமால் ஆமை வடிவொடு இறைவனை வழிபட்டமை புராணம் கூறும். வடிவு வழிபாட்டிற்குத் தடையாகவில்லை. திருவானைக்காவில் இறைவன் திருமேனிமேல் சருகு உதிராமை வேண்டித் தன் வாய்நூலால் பந்தரிட்ட சிலந்தியைச் சேக்கிழார் பாடினார். அது தான் சிலந்தி என்று அறிந்ததனாற் கோச்செங்கட் சோழராகப் பிறந்திலது. தனக்கு வாய்த்த நூலைக் கொண்டு பணி செய்தமையாலே பிறந்தது. ஆதலின், தான் எவ்விலங்கு என்று வினவுதலினும், தன் நூல் யார்க்குப் பந்தராகின்றது என்று வினவுதலே உயிர்க்கு உறுதி பயப்பதாம்.