இருமொழிச் சிறுநூலும் கம்போங் மேடான் பிள்ளையும்: புலம்பெயர் மாணவர்க்கான பன்மொழிக் கல்விக் கூட்டாய்வுகள் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

புலம்பெயர்ந்தோர், அகதிகள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு எம்மொழியில், எம்முறையில் கல்வி அளிப்பது என்னும் வினா கடந்த சில பத்தாண்டுகளில் மொழிக்கல்வி ஆய்வின் நடுவிடத்துக்கு வந்துள்ளது. பல்கலைக்கழக ஆய்வாளரும் பள்ளி ஆசிரியரும் ஒன்றுசேர்ந்து நிகழ்த்தும் கூட்டாய்வு இத்துறையின் சிறப்பியல்பாகும். அத்தகைய ஆய்வுகளுள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், பீல் வட்டாரப் பள்ளிகளில் நடைபெற்றது. யார்க் பல்கலைக்கழகத்தின் சான்ட்ரா ஷெக்டரும் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸும் பதிப்பித்து 2003இல் வெளியிட்ட நடைமுறைப் பன்மொழிக் கல்வி பற்றிய நூல் அவ்வாய்வின் விளைவாகும். கம்மின்ஸும் மார்கரெட் எர்லியும் 2011இல் வெளியிட்ட 'அடையாளப் பனுவல்கள்' என்னும் நூல் அதே நெறியின் வளர்ச்சியாகும்.

இவ்விரு நூல்களும் நம் நாட்டு ஆசிரியர் கல்வியில் பயன்படத்தக்கனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அதனைக் கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில் உள்ள கம்போங் மேடானில் நின்று நோக்குகிறோம். ஒரு கோட்பாட்டின் வலிமையை, அது பிறந்த இடத்தைவிடப் பிறந்திராத இடமே நன்கு காட்டும் என்பது எம் கருத்து.

2. தோர்ன்வுட் பள்ளி காட்டியது

பீல் வட்டாரத்தின் மிஸ்ஸிசாகா நகரிலுள்ள தோர்ன்வுட் தொடக்கப்பள்ளியில் பல்வேறு தாய்மொழிகளைப் பேசும் பிள்ளைகள் பயின்றனர். அவர்களுள் பலர் ஆங்கிலம் அறியாமலே பள்ளிக்கு வந்தவர்கள். 1998இல் அப்பள்ளியின் ஆசிரியர் பட்ரீஷியா சௌ ஓர் எளிய பணியைத் தொடங்கினார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினர். பின் பெற்றோர், உற்றார் ஆகியோரின் துணையுடன் அதையே தம் வீட்டுமொழியில் எழுதினர். படமும் வரைந்து சேர்த்தபோது அஃது இருமொழிச் சிறுநூலாயிற்று. அந்நூல்கள் பள்ளியின் இணையப் பக்கத்தில் வெளியிடப்பட்டன. தாய்நாட்டிலிருந்த பாட்டனும் பாட்டியும் தம் பேரப்பிள்ளை எழுதியதைத் தம் மொழியில் படிக்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

இப்பணிக்கு அடிப்படையாக அமைந்தது கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த மொழிச் சார்புக் கருதுகோளாகும். ஒரு மொழியில் பெற்ற சிந்தனைத் திறனும் எழுத்தறிவும் மற்றொரு மொழியைக் கற்கையில் கைகொடுக்கும். ஆகவே தாய்மொழியை வளர்ப்பதால் இரண்டாம் மொழி குன்றாது என்பது அதன் சாரம். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே ஏற்றது என 1953இலேயே யுனெஸ்கோ அறிக்கை வலியுறுத்தியதை நாம் அறிவோம். தோர்ன்வுட் ஆய்வு அவ்வறிவுரையை அன்றாட வகுப்பறைச் செயலாக மாற்றியது. வகுப்பு ஆசிரியர் தம் பிள்ளைகளின் அத்தனை மொழிகளையும் அறிந்திருக்க வேண்டியதில்லை, அவற்றுக்கு இடமளித்தால் போதும் என்பதை அது மெய்ப்பித்தது.

'அடையாளப் பனுவல்கள்' நெறியில் அடிக்கடி சுட்டப்படும் மற்றொரு நிகழ்வும் நினைக்கத்தக்கது. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த மாணவியர் மூவர் ஒன்றுகூடி 'புதிய நாடு' என்னும் பொருள்படும் நூலொன்றை உருதுவிலும் ஆங்கிலத்திலும் ஆக்கினர். அவர்களுள் ஒருவர் கனடாவுக்கு வந்து சின்னாளே ஆகியிருந்தது. ஆங்கிலம் மட்டுமே செல்லும் வகுப்பாயின் அவர் பல திங்கள் வாய்மூடி அமர்ந்திருப்பார். இங்கோ உருதுவின் வழியாக நூலாசிரியருள் ஒருவரானார். இந்நெறியின் உண்மையான வெற்றி இதுவே.

3. புலம்பெயர்ந்தோர் யாவர்?

இனிக் கம்போங் மேடானுக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களுக்காக அழிக்கப்பட்டும் வந்த பத்தாண்டுகளில், பால்மரத்தையும் லயன் வீட்டையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் நீள்வீடுகளிலும் குடிபுகுந்தன. கம்போங் மேடான் வட்டாரமும் அவர்களை ஏற்றது. உள்நாட்டு மலாய்க் குடும்பங்களும் இந்தோனேசியத் தொழிலாளரும் அவர்தம் அண்டை வீட்டார் ஆயினர். 2001 மார்ச்சுத் திங்களில் அங்கு நிகழ்ந்த வன்செயலில் 6 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். மொழி வேறுபாடே அதற்குக் காரணம் என்று கூறுவது பிழையாகும். வறுமையும் நெருக்கடியான வாழிடமும் புறக்கணிப்பும் அதன் பின்னணியில் இருந்தன. எனினும் ஒரே சந்தில் வாழ்ந்த பிள்ளைகள் காலையில் வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிந்து சென்று, ஒருவர் மொழியை மற்றவர் எழுத்தளவிலும் அறியாமலே வளர்ந்தனர் என்பதைக் கல்வியாளர் கடந்துபோக இயலாது.

கனடிய ஆய்வின்படி புலம்பெயர்ந்தவர் எல்லை கடந்து வந்தவர். கம்போங் மேடானில் இவ்வரையறை தடுமாறுகிறது. தோட்டத்திலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பம் எந்த நாட்டு எல்லையையும் கடக்கவில்லை. ஆயினும் வீடு, தொழில், பள்ளி, சுற்றம் ஆகிய நான்கையும் ஒருங்கே இழந்தது. பண்டார் உத்தாமா நகரின் நடுவே இன்றும் எஃபிங்ஹாம் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயருடன் ஒரு பள்ளி இயங்குகிறது. தோட்டம் மறைந்துவிட்டது, பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. அத்தகைய பள்ளிகளின் மாணவரைப் 'புலம்பெயர் மாணவர்' என எந்த ஆய்வுப் பட்டியலும் குறிப்பதில்லை. பெயரில்லாத இழப்புக்குத் திட்டமும் இல்லை.

மறுபுறம், எல்லை கடந்து வந்த பிள்ளையின் நிலை இன்னும் கடினமானது. மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. சிறார் உரிமை உடன்படிக்கையை 1995இல் ஏற்றபோது, இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி பற்றிய விதிக்குத் தன் ஒவ்வாமையைப் பதிவு செய்தது. 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் குடியுரிமை பெற்ற பெற்றோரையே குறித்தது. இந்நாட்டில் ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்திடம் பதிவு பெற்றோர் 150,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் மியன்மாரின் ரொஹிங்யா, சின் முதலிய இனத்தவர். இலங்கைத் தமிழரும் உளர். இவர்தம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர இயலாமல், சமூகத்தாரும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் கற்றல் மையங்களை நம்பியுள்ளனர். தோர்ன்வுட் நெறி பிள்ளை வகுப்பறைக்குள் நுழைந்த பின்னரே தொடங்குகிறது. வாசலிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளையைப் பற்றி அந்நெறியில் ஒரு சொல்லும் இல்லை. இக்குறை ஆய்வாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. அவர்கள் நாட்டில் பள்ளிக்கதவு திறந்திருந்ததன் விளைவு அது. ஆயினும் இரவல் பெறும் நாம் இதனை மறத்தல் ஆகாது.

4. இரு பத்திகளில் அடங்காத மொழிகள்

தோர்ன்வுட் சிறுநூலில் இரண்டு மொழிகளே உள்ளன: பள்ளியின் மொழி ஒன்று, வீட்டின் மொழி ஒன்று. நம் தமிழ்ப்பள்ளி மாணவனோ தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் தொடக்கநிலையிலேயே கற்கிறான். தமிழ் என்பதும் அவனுக்கு ஒன்றன்று. வீட்டில் பேசும் தமிழும் பாடநூலின் எழுத்துத் தமிழும் வெவ்வேறு. கல்விக் கொள்கையின் மாற்றங்களும் இச்சுமையைக் கூட்டின. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன; 2009இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது; 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் மீண்டும் ஆங்கிலத்துக்கு வழிவிட்டது. பின்னக் கணக்கை எம்மொழியில் எண்ணுவது என்பதே ஒரு தலைமுறை மாணவருக்கு இடையிடையே மாறிய வினாவாயிற்று.

பெற்றோரின் துணை என்பதும் ஆராயத்தக்கது. வீட்டுமொழியில் எழுதத் தெரிந்த, மாலையில் ஓய்வுடைய பெற்றோரைத் தோர்ன்வுட் பணி வேண்டி நிற்கிறது. இரு வேலை பார்க்கும் தாயிடம் ஒரு கதையை எழுதித்தரக் கேட்டனுப்பினால், பிள்ளை வெறுங்கையுடன் திரும்பக்கூடும். அந்த வெறுங்கை வகுப்பின்முன் அவன் வீட்டின் குறையாகத் தோன்றும். ரொஹிங்யா மொழியோ பல்வேறு எழுத்துமுறைகளில் எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்கென ஆக்கப்பட்ட ஹனிஃபி எழுத்து 2018இல்தான் ஒருங்குறித் தரத்தில் இடம்பெற்றது. அம்மொழிப் பிள்ளையின் தந்தைக்குக் கதை தெரியும். அதை எழுதும் வழி தெரியாதிருக்கலாம். எனவே இங்கு எழுத்துக்கு முன் ஒலிப்பதிவும் வாய்மொழியும் இடம்பெற வேண்டும். பாட்டி சொன்ன கதையைப் பதிவு செய்து, வகுப்பில் கேட்டு, பிள்ளைகளே எழுத்தாக்குதல் நம் சூழலுக்கு ஏற்ற மாற்றமாகும்.

5. கூட்டாய்வில் ஆசிரியரின் இடம்

ஷெக்டர், கம்மின்ஸ் நூலில் நாம் பெரிதும் மதிக்கும் கூறு ஒன்றுண்டு. வகுப்பு ஆசிரியரான சௌ, கம்மின்ஸுடன் இணைந்து அதில் ஓர் இயலை எழுதியுள்ளார். ஆசிரியர் அங்கு ஆய்வாளராகவும் நூலாசிரியராகவும் அமைகிறார். நம் கல்வியாய்வுகளில் ஆசிரியரின் இடம் பெரும்பாலும் வினாநிரல் நிரப்புபவராகவே சுருங்கியுள்ளது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பள்ளியின் பெயர் வரும். முடிவுகள் அவர் கைக்கு வாரா.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுரேஷ் கனகராஜாவின் ஆய்வுகள் இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கின்றன. 1999இல் வெளிவந்த தம் நூலில் அவர் போர்க்கால யாழ்ப்பாணத்தின் ஆங்கில வகுப்பொன்றை ஆராய்ந்தார். அமெரிக்கச் சூழலில் எழுதப்பட்ட பாடநூலின் பக்க ஓரங்களில் மாணவர் எழுதிய குறிப்புகளையும் வரைந்த படங்களையும் அவர் சான்றாகக் கொண்டார். பாடநூல் பேசாதவற்றை ஓரங்கள் பேசின. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் தேர்வுத்தாளைப் பார்த்திருப்பார். உள்ளிருந்த ஆசிரியரே பக்க ஓரத்தைப் பார்த்தார். 2002இல் வெளியிட்ட மற்றொரு நூலில், தாளும் மின்சாரமும் அரிதாகிய நிலையில் இருந்த அறிஞர்கள் மேலைநாட்டு ஆய்விதழ்களின் வாயிலை எட்ட முடியாமற் போனதை விளக்கினார்.

நம் துறையின் வரலாற்றில் இதற்கு எதிரிணையான ஒரு பாடம் உண்டு. 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் பொறுப்பேற்ற தனிநாயக அடிகள், 1952ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்தில் ஆய்விதழ் நடத்தித் தமிழை உலகுக்குக் கொண்டு சென்றவர். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் அவர் முயற்சி காரணமாயிற்று. பல மொழி அறிஞர் ஒன்றுகூடி ஆராய்தல் நமக்குப் புதிதன்று. அன்று தமிழைப் பற்றிய அறிவு ஆங்கிலத்தில் வெளிச்செல்ல வேண்டியிருந்தது. இன்று தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிவு தமிழுக்குத் திரும்ப வேண்டியுள்ளது. ஓர் ஆய்வு யாரைப் பற்றியதோ அவருடைய ஆசிரியர் அதனைப் படிக்க இயலாதெனில், அதனைக் கூட்டாய்வு என்று அழைத்தல் பொருந்தாது.

6. நம் வகுப்பறையை நோக்கி

பிறர் குறையைச் சுட்டிய நாம் நம் குறையையும் ஒப்புதல் வேண்டும். தாய்மொழிக் கல்வியின் உரிமைக்காக நாம் முன்வைக்கும் வாதங்களைப் பிறமொழிப் பிள்ளைக்கு நாம் நீட்டுவதில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். அந்த எண்ணிக்கையைத் திரட்ட நாம் எவ்வளவு பாடுபட்டோம் என்பதை அறிவோம். அதே வருத்தத்துடன் ஒரு சின் மொழிப் பிள்ளை தன் மொழிக்கு ஓர் ஆசிரியரைத் தேடுவதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

தமிழுக்குள்ளேயும் நாம் வாயில் காப்போராக நிற்கிறோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'கதைத்தேன்' என்றால் 'பேசினேன்' என்று திருத்துகிறோம். நம் மாணவன் 'பசியாறினேன்' என்றால் அதனை வழக்கு என்று ஏற்கிறோம். இரண்டும் தமிழே. இலக்கியத் தமிழைக் கற்பிப்பது நம் கடமை. அதற்காகப் பிள்ளை கொண்டுவந்த தமிழைப் பிழை என்று முத்திரையிடல் கடமையன்று. ஏதிலியாக வந்த பிள்ளைக்குத் தன்னுடன் எல்லை கடந்து வந்த உடைமை அம்மொழி ஒன்றே.

மலாய்மொழியை வகுப்பறையின் அயலாகக் கருதும் மனப்போக்கும் மறுபரிசீலனைக்கு உரியது. கடை 'கெடாய்' ஆனதும், கப்பல் 'காப்பால்' ஆனதும், பெட்டி, கட்டில், முதல் ஆகியவை 'பெத்தி', 'காத்தில்', 'மோடால்' ஆனதும் மொழியியலார் அறிந்த செய்தி. தமிழாசிரியர் இச்சொற்களைப் பக்கம் பக்கமாக எழுதிக்காட்டும் ஒரு பாடவேளையில் மலாய் வலுவடையும்; தமிழின் பெருமையும் குன்றாது. கம்போங் மேடான் சந்தில் எதிர்வீட்டுப் பிள்ளையும் தானும் ஒரே சொல்லை இருவகையாக ஒலிப்பதை மாணவன் உணர்வான். கம்மின்ஸ் கூறிய மொழிச் சார்பு இங்கு இரு வீடுகளின் சார்பாகவும் விரிகிறது. தோர்ன்வுட் ஆய்வு காணாத, நம் மண் மட்டுமே தரக்கூடிய விரிவு இது.

7. முடிவுரை

தோர்ன்வுட் நெறியின் உயிர்க்கருத்து கொள்ளத்தக்கது: பிள்ளையின் மொழி அவன் குறையன்று, கற்றலுக்கான முதல். அதன் வடிவம் அப்படியே கொள்ளத்தக்கதன்று. திறந்த பள்ளிக்கதவு, எழுத்தறிந்த பெற்றோர், இரண்டே மொழிகள் ஆகிய மூன்று எடுகோள்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பொருந்தவில்லை.

ஆதலின் நாம் மூன்றனை முன்மொழிகிறோம். முதலாவது, இந்திய ஆய்வியல் துறையும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் அகதிப் பிள்ளைகளின் கற்றல் மைய ஆசிரியரும் இணைந்த ஒரு கூட்டாய்வு கம்போங் மேடான் போன்ற ஒரு வட்டாரத்தில் தொடங்கப்பட வேண்டும். இரண்டாவது, அதில் பங்குபெறும் ஆசிரியர் கட்டுரையாசிரியராகவும் பெயர்பெற வேண்டும். மூன்றாவது, அதன் முடிவுகள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வெளிவர வேண்டும். இவற்றுக்குப் பெரும் நிதியைவிட மனமாற்றமே முதலில் தேவை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளை நமக்கு விட்டுச்சென்றோரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கிய புலம்பெயர்ந்தோரே. அவர்தம் பேரப்பிள்ளைகளான நாம், இன்று வந்திறங்கும் பிள்ளைக்கு வகுப்பறையில் ஓர் இருக்கையை ஒதுக்குவது அவர்களுக்குச் செலுத்தும் கடனாகும்.