கத்தி மிஞ்சுகிறது, காரணம் போய்விடுகிறது

எந்த நாவல் பட்டறைக்குப் போனாலும் இப்போது ஒரே உபதேசம்தான்: கதையை நகர்த்தாத காட்சியை வெட்டு, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கு. வெட்டத் தெரிந்தவனே நாவலாசிரியன் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். வடசென்னையைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. “வேகம் வேணும் தம்பி” என்கிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பற்றிய எழுத்துக்கு இந்த வேகம் பெரிய கெடுதல் செய்துகொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

வெட்டுவதே பாவம் என்று சொல்லவரவில்லை. ‘காவல் கோட்டம்’ (2011), ‘தோல்’ (2012), ‘கொற்கை’ (2013), ‘அஞ்ஞாடி’ (2014) என்று அடுத்தடுத்து நான்கு ஆண்டுகள் சாகித்திய அகாதெமி விருது கனத்த நாவல்களுக்கே போனது. பருமன்தான் தகுதி என்று அதற்குப் பிறகு நினைத்துக்கொண்டவர்களும், சேகரித்த தகவலையெல்லாம் கொட்டி வைத்தவர்களும் உண்டு. பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் போன்ற ஒருவர் கைப்பிரதியோடு வரிவரியாக மல்லுக்கு நின்றதால் தமிழ் உரைநடை அடைந்த நன்மையையும் மறுக்க முடியாது. முதல் படியில் பாதி, எழுதுகிறவர் தனக்கு விளங்குவதற்காக எழுதுவது. அது போகத்தான் வேண்டும்.

என் சண்டை வெட்டும் அளவுகோலோடு. ‘இது கதையை நகர்த்துகிறதா?’ என்ற கேள்வியை வடசென்னைக் கைப்பிரதியின்மீது வைத்தால் முதலில் அடிபடுவது வேலை. ஷிப்ட், ஏலம், வலை, உப்பு, கிரேன், ஓவர்டைம். ஆள் வேலைக்குப் போகிறான், வருகிறான். இதில் என்ன நகர்ந்தது என்று கேட்டு அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுகிறார்கள். கொலை, சிறை, பழிவாங்கல் ஆகியவை எந்தச் சல்லடையிலும் நின்றுவிடும். அவை நகர்கின்றன அல்லவா?

ஒரு கைப்பிரதியைக் கற்பனை செய்துகொள்வோம். எண்ணூர்க் கழிமுகத்தில் இரண்டு குப்பங்கள். கழியில் வலை இறக்குவதற்குப் பாடு உண்டு. இன்றைக்கு இந்தக் குப்பம், நாளைக்கு அந்தக் குப்பம் என்று முறை. எந்த இடத்தில் யாருடைய பாடு, பாடு இல்லாத நாளில் வீட்டுச் செலவுக்கு யாரிடம் கைமாற்று, இறால் குறைந்தால் கடன்காரிக்கு என்ன பதில் என்பதெல்லாம் முதல் அத்தியாயம். இரண்டாவதில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் ஒழுகிக் கொசஸ்தலையாற்றில் படிகிறது. ஆழம் குறைகிறது, வலை இறக்கத் தோதான இடம் சுருங்குகிறது, இரண்டு நாள் பாடு ஒரு நாள் பாடாகிறது. ஐந்தாவது அத்தியாயத்தில் இரண்டு குப்பத்துப் பையன்களும் டீக்கடை வாசலில் கத்தியோடு நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் ஆலோசனை வருகிறது: “முதல் ரெண்டும் டாக்குமெண்டரி மாதிரி இருக்கு, அஞ்சுலேர்ந்து ஆரம்பிங்க.” ஆரம்பித்தால் சண்டை இருக்கும், எதற்குச் சண்டை என்பது இருக்காது. காரணம் சொல்லாத பகையை வாசகர் அப்படியே விட்டுவிட மாட்டார். தானே ஒரு காரணம் போட்டுக்கொள்வார்: அந்த ஏரியா ஆளுங்களே அப்படித்தான். குற்றச் செய்திகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் அவதூறுக்கு இப்போது ஒரு இலக்கியச் சாட்சியும் கிடைத்துவிடுகிறது. எழுதியவர் அதே மண்ணில் பிறந்தவராக, அந்த மக்கள்மீது உயிரையே வைத்திருப்பவராக இருக்கலாம். அவருடைய அன்பு வெட்டுப்பட்ட இரண்டு அத்தியாயங்களோடு போய்விட்டது.

சினிமாவைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்வதும் சரியல்ல. 2018இல் வந்த ‘வட சென்னை’ ரத்தக் கத்திகளோடு தொடங்கினாலும், குடியிருப்பை அழித்துச் சாலை போடவரும் முயற்சியைப் பகையின் நடுவில் வைத்திருக்கிறது. 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யின் கபிலன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன்; அது தெரிந்தால்தான் அவன் குத்துச்சண்டைக்கு ஏங்குவது புரியும். அந்தப் படங்களைப் பார்த்து எழுத வந்தவர்கள் கத்தியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு, நிலத்தையும் மூட்டையையும் கீழே போட்டுவிட்டார்கள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு நேர நெருக்கடி உண்டு. நாவலுக்கு என்ன நெருக்கடி?

பாத்திரங்களை ஒன்றாக்கும் யோசனை இதைவிட மோசம். பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தனியே நின்றார்கள்; அது புளியந்தோப்புக் கலவரத்தில் கொண்டுபோய் விட்டது. இதை நாவலாக்குகிறவர் ஆலைத் தொழிலாளர்களை ஒரே கதாநாயகனாகச் சுருக்கிவிட்டால், ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள் என்பதைச் சொல்ல ஆளே இருக்காது. இன்றைக்கும் ஒரே கேட்டுக்குள் அப்பா பர்மனென்ட்டாகவும் மகன் காண்ட்ராக்டாகவும் நுழைகிற வீடு உண்டு. அப்பாவுக்கு போனஸ் வந்த நாளில் மகன் சாப்பிட உட்காருகிறானா, எழுந்து வெளியே போகிறானா என்பதிலேயே ஒரு நாவல் இருக்கிறது. ‘இருவருமே தொழிலாளிகள்தானே, ஒருவரை எடுத்துவிடலாம்’ என்று சொல்லும் ஒருவருக்கு அந்த வட்டாரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. நாவலைப் பற்றியும் அதிகம் தெரியாது.

வாசகருக்குப் பொறுமை இல்லை என்பது கடைசி அஸ்திரம். ஐந்து பாகப் ‘பொன்னியின் செல்வ’னைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் மொழியில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். மெல்வில்லின் ‘மோபி டிக்’ (1851) திமிங்கிலத்தை அறுப்பதையும் கொழுப்பை உருக்குவதையும் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்கிறது. நம் பட்டறைக்கு வந்திருந்தால் பாதி தேறியிருக்காது. அந்த உழைப்பின் நாற்றமும் வழுக்கலும் தெரிந்த பிறகுதான் கேப்டன் ஆகாபின் வெறி எத்தனை பேர் பிழைப்பைப் பணயம் வைக்கிறது என்பது உறைக்கிறது. இங்கேயே ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிக’ளில் தூத்துக்குடி உப்பளத்து வேலையைக் கதையின் நடுவில் வைத்தார். யாரும் அலுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை.

வேலையைப் பற்றி எழுதினால் சலிப்பூட்டும் என்றால், எழுதியது சரியில்லை என்று பொருள். அதைத் திருத்தி எழுதச் சொல்வது பதிப்பாசிரியரின் கடமை. எடுத்துவிடச் சொல்வது சோம்பல். பாடு முறையைப் பாடப்புத்தகம் போல எழுதியிருந்தால், கழியில் இடுப்பளவு நீரில் நிற்கிறவளின் வாயால் சொல்லவையுங்கள். நான்கு பக்கத்தை ஒன்றாக்குங்கள். அந்த ஒன்றையும் எடுத்துவிடாதீர்கள்.

வடசென்னை நாவலை எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு காட்சியை அடிக்கும் முன், இது கதையை நகர்த்துகிறதா என்று கேட்க வேண்டாம். இது போனால் இந்த மனிதனுடைய கோபத்துக்குக் காரணம் மிஞ்சுமா என்று கேளுங்கள். ஏதாவது ஒன்றை வெட்டியே தீரவேண்டும் என்றால் கத்திச் சண்டையை வெட்டுங்கள். அது இல்லாமல் வடசென்னை நாவல் நிற்கும். ஷிப்ட் இல்லாமல் நிற்காது.