மங்கலச் சொல்லும் மரணக் கணக்கும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக ஓர் ஆங்கிலச் செய்திப் பகுதியைக் கொடுத்திருந்தேன். அயல்நாட்டுப் போரொன்றைப் பற்றிய செய்தி. அதில் 'கொலற்றரல் டமேஜ்' என்ற தொடர் வந்தது. மாணவர் பலரும் பத்திரிகைகளிற் கண்டவாறே 'இணைச் சேதம்' என்றும் 'பக்கச் சேதம்' என்றும் எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும் 'அயலில் இருந்த சனங்கள் செத்துப்போனது' என்று எழுதியிருந்தாள். பேச்சுவழக்கு என ஓரத்திற் குறித்துச் சிவப்பு மையாற் கோடிட்டேன். பின்னர் அக்கோடு என்னையே உறுத்தத் தொடங்கிற்று. பிழை அவளுடையதா, அன்றி அந்த ஆங்கிலத் தொடரினுடையதா?

நன்னூல் கற்றோர் தகுதி வழக்கை அறிவர். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என அது மூவகைப்படும். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. ஆங்கிலேயரும் இறந்தவரைக் 'கடந்து சென்றார்' என்பர். இவ்வழக்கைப் பழிப்பதற்கில்லை. சாவு வீட்டில் நிற்பவரின் மனம் மேலும் நோகாதிருக்கச் சமுதாயம் கண்டுகொண்ட வழி அது. ஆனால் 1945ஆம் ஆண்டுக்குப் பின் ஆங்கிலத்திலே பெருகிய அணுவாயுதச் சொற்றொகுதியை நோக்குமிடத்து, மங்கலத்தின் உடையணிந்த குழூஉக்குறியையே காண்கிறோம். அங்கே சொல் மென்மையடைவது இழந்தவருக்காக அன்று, கொல்பவருக்காக.

அவ்வாண்டு யூலை 16ஆம் திகதி நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தில் முதலாவது அணுகுண்டு பரிசோதிக்கப்பட்டது. பரிசோதனைக்கு இட்ட பெயர், கிறிஸ்தவ சமயத்தின் மூவொருமையைச் சுட்டும் 'திரித்துவம்'. போட்ஸ்டாம் மாநாட்டின்பொருட்டு ஜேர்மனிக்குச் சென்றிருந்த அமெரிக்கப் போர்ச் செயலாளர் ஸ்டிம்சனுக்குச் செய்தி வைத்தியசாலை மொழியிலே போயிற்று. காலையிற் சத்திரசிகிச்சை நடந்தது, பலன் திருப்திகரமாகத் தோன்றுகிறது என்பது முதலாவது தந்தியின் சாரம். சிறுவன் தன் அண்ணனைப்போலவே திடகாத்திரமானவன் என வைத்தியர் நம்புகிறார் என்றது அடுத்த தந்தி. ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாமீது வீழ்ந்த குண்டின் பெயரும் 'சின்னப் பையன்'தான். ஆண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறத்தாழ 140,000 பேர் மாண்டனர். 1952 நவம்பர் 1ஆம் திகதி எனிவெற்றொக் பவளத்தீவிலே முதலாவது ஐதரசன் குண்டுச் சாதனம் வெடித்துச் சிறுதீவொன்று முற்றாக மறைந்தபோது, எட்வேட் ரெல்லர் என்ற விஞ்ஞானி தம் சகபாடிகளுக்கு அனுப்பிய தந்தி, 'ஆண்குழந்தை' என்றே அறிவித்தது.

இரகசியம் காப்பதற்குக் குறிச்சொல் வேண்டும் என்பர் சிலர். உண்மைதான். ஆயின் நிலக்கரி என்றோ நெல்மூடை என்றோ சொல்லியிருந்தாலும் இரகசியம் காக்கப்பட்டிருக்கும். பிள்ளைப்பேற்றை நாடிப் போனது ஏன்? செய்த காரியத்தின் தன்மையை அவர்கள் உள்ளூர உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அத்தெரிவே சாட்சி என எனக்குப்படுகிறது.

இதனிலும் கொடிய சொல் ஒன்றுண்டு. பரிசோதனைகளால் வானிற் பரவிய ஸ்துரொந்தியம்-90 என்னும் கதிரியக்கப் பொருள் புல்லிற் படிந்து, பசுவின் பாலின் வழியே குழந்தைகளின் எலும்பைச் சென்றடையும். அதனை ஆராய 1953இல் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு தொடங்கிய திட்டத்தின் பெயர் 'சூரிய ஒளி'. பல நாடுகளிலிருந்து இறந்த சிசுக்களின் எலும்புகள் சேகரிக்கப்பட்டன. பெற்றார் அறியாமலே எடுக்கப்பட்டவை பல என்ற செய்தி 1990களிலேதான் வெளியாயிற்று. எலும்பிலுள்ள ஒரு கிராம் கல்சியத்தோடு எவ்வளவு நஞ்சு சேர்ந்துள்ளது என்பதை அளந்த அலகுக்கும் 'சூரிய ஒளி அலகு' என்றே பெயரிட்டனர். அப்பெயர் பின்னர் கைவிடப்பட்டது.

அரசியல் ஆங்கிலத்தின் சீரழிவை ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய கட்டுரை நம் ஆசிரியர் பலரும் அறிந்ததே. காப்பற்ற கிராமங்கள்மீது குண்டு வீசுவதை 'அமைதிப்படுத்தல்' என்று சொல்லும் மோசடியை அவர் அதிலே தோலுரித்தார். ஆயினும் அவருடைய நோயறிதல் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. மங்கலான சொல், தெளிவற்ற சிந்தனை என்பனவே அவர் கண்ட குற்றம். அணுவாயுத ஆங்கிலமோ மங்கலானதன்று; தராசுத் தட்டுப்போல் நுட்பமானது. குண்டின் ஆற்றலை அது 'விளைச்சல்' என்கிறது. கிலோதொன், மெகாதொன் என அளந்தும் காட்டுகிறது. கமக்காரனின் சொல் இங்கே எதனை அறுவடை செய்யப் போயிற்று! பத்து இலட்சம் பேரின் சாவை ஓரலகாக்கி 'மெகாடெத்' என்ற சொல்லை 1950களில் அமெரிக்கப் போர்த்திட்ட நிபுணர் ஆண்டனர். எதிரியின் ஆயுதங்களைத் தாக்குவது 'படைக்கெதிர்'; நகரங்களையும் மக்களையும் தாக்குவது 'பெறுமதிக்கெதிர்'. மனிதர் பெறுமதியுடையவர் என்பதை இம்மொழி மறுக்கவில்லை. அப்பெறுமதிக்காகவே அவர்களைக் குறிவைக்கிறது.

இம்மொழிக்குள்ளே நுழைந்து பார்த்தவர் கரொல் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1984இல் போர்த்திட்ட நிபுணரிடையே சென்று பழகி, 1987இல் தம் அனுபவத்தைக் கட்டுரையாக்கினார். அக்கட்டுரையின் சிறப்பு அதன் கண்டனத்தில் இல்லை, ஒப்புதலில் இருக்கிறது. அச்சொற்களைப் பேசப் பேசத் தமக்கும் இன்பம் பிறந்ததாகவும், நன்கு தேர்ச்சியடைந்தபோது தாம் கேட்க வந்த வினாக்களை அம்மொழியிலே கேட்க இயலாதுபோனதாகவும் அவர் கூறுகிறார். சமாதானம் என்பதற்கே அங்கு சொல் இல்லை. நெருங்கி வருவது 'மூலோபாய உறுதிநிலை' ஒன்றுதான். மொழி கருத்தை மறைக்கும் திரை மட்டுமன்று, கருத்துப் பிறக்கும் வாசலை அடைக்கும் மதிலுமாகும் என்பதை இதனிலும் நேர்மையாகக் காட்டிய கட்டுரையை நான் படித்ததில்லை.

இது முதலாளித்துவ நாட்டாருக்கே உரிய நோய் என நாம் ஆறுதல் கொள்ளுதல் தகாது. 1961 ஒக்டோபர் 30ஆம் திகதி சோவியத் ஒன்றியம் வெடித்த ஏறத்தாழ 50 மெகாதொன் குண்டும் 'விளைச்சல்' கணக்கிலேதான் பெருமை பெற்றது. அயலிலுள்ள இந்தியா 1974 மே 18ஆம் திகதி நடத்திய பரிசோதனையை ஆங்கிலத்திலே 'சமாதான அணுவெடிப்பு' என்று அறிவித்தது. 'புன்னகைக்கும் புத்தர்' என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. வெசாக் கூடு கட்டும் தெருவில் நின்று அப்பெயரை வாசிப்பவனுக்கு என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குண்டுக்குக் கீழே இருந்தவர்கள் தமக்கென வேறு சொற்களை ஆக்கினர். ஹிரோஷிமா மக்கள் அதனை 'பிகாதொன்' என்றனர். 'பிகா' மின்னல், 'தொன்' முழக்கம். கண்டதும் கேட்டதும் அன்றி அச்சொல்லில் வேறொன்றுமில்லை. எஞ்சியோரை 'உயிர்தப்பியோர்' என்பதற்கு யப்பானியர் தயங்கினர் என்றும், உயிரோடிருப்பதை வற்புறுத்துவது மாண்டோரைச் சிறுமைப்படுத்துமோ என அவர்கள் அஞ்சினர் என்றும் ஜோன் ஹேர்சி தம் 'ஹிரோஷிமா'வுக்கு 1985இற் சேர்த்த பகுதியிற் குறித்துள்ளார். 'ஹிபாகுஷா', அதாவது வெடிப்பினாற் பாதிக்கப்பட்டோர், என்ற சொல்லே நிலைத்தது. மெய்யான மங்கல வழக்கு இதுவே.

சொல்லே கிடையாதவர்களும் இருந்தனர். 1954 மார்ச் 1ஆம் திகதி பிகினியில் 15 மெகாதொன் குண்டு வெடித்தபோது றொங்கலப் தீவின்மீது வெண்சாம்பல் பொழிந்தது. 1995இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்திலே அத்தீவுப் பெண்ணொருவர் சாட்சியமளித்தார். தம் பெண்கள் ஈன்றவற்றுக்கு மார்ஷல் தீவு மொழியிற் சொல் இல்லை என்றும், அத்தகைய பிறவிகள் முன்னர் அங்கு இருந்ததேயில்லை என்றும், ஆதலால் ஆமை, அப்பிள், சாக்குக்கணவாய் என்றே தாங்கள் சொல்ல நேர்ந்தது என்றும் அவர் கூறினார். 'ஆண்குழந்தை' என்ற தந்தியையும் இச்சாட்சியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் வேண்டும்.

இனி நம் மொழிபெயர்ப்புக்கு வருவோம். ஆங்கிலச் சொல்லைப் பகுதிபகுதியாகப் பெயர்த்தால் அதன் வஞ்சகமும் சேர்ந்தே தமிழுக்கு வந்துவிடுகிறது. 'விளைச்சல்' என்னாது வெடிவலு என்போம். 'மெகாடெத்' என்பதற்கு 'பத்து இலட்சம் பேரின் சாவு' என்று நான்கு சொற்கள் செலவானாற் செலவாகட்டும். கலைச்சொல்லின் செறிவு கெடுகிறதே என்கிறார் என்னோடு கற்பிக்கும் நண்பர். கெடத்தான் வேண்டும்.

மாணவியின் தாளை மீண்டும் வாங்கிச் சிவப்புக் கோட்டின் அருகே முழுப்புள்ளியும் இட்டுக் கொடுத்தேன். அவள் அரச மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்குத் தோற்றும் எண்ணமுடையவள். "அங்கேயும் இப்படியே எழுதலாமோ, சேர்?" என்று கேட்டாள். 'இணைச் சேதம் என்றே எழுதிவிடு பிள்ளை' என்பது வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தாளை மடித்துக்கொண்டு அவள் இன்னும் நின்றிருந்தாள்.