‘எர்த்குவேக்’: ஆட்ட நாயகன் ஓர் ஓவியர்

1974-இல் வெளியான ‘எர்த்குவேக்’ படத்துக்கு ஆட்ட நாயகன் விருது தரச் சொன்னால், என் ஓட்டு சார்ல்டன் ஹெஸ்டனுக்கு இல்லை, ஆல்பர்ட் விட்லாக்குக்கு. லாஸ் ஏஞ்சலீஸ் நகரைத் தூரிகையால் இடித்துத் தள்ளியவர் அவர்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். படம்பிடிக்கும்போதே ஃபிரேமின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு, பிறகு அதே நெகட்டிவில் ஓவியத்தைப் பதிவு செய்வது விட்லாக்கின் பாணி. பிசகினால் நடிகர்கள் பாடுபட்ட ஷாட்டும் சேர்ந்து போய்விடும். அந்த நெருக்கடியில் அவர் கை எவ்வளவு நிதானம்! நகரமே எரியும் அந்த அகன்ற காட்சியை நிறுத்திப் பாருங்கள். தூரத்துக் கட்டடங்களுக்குக் கூர்மையான விளிம்பே கிடையாது. புகைக்குள் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் வரைந்திருக்கிறார். காட்சி மெய்யாகத் தெரிவதற்கு அந்த அடக்கம்தான் காரணம்.

அடுத்த இடம் ஒலிக்கு. ‘சென்சரவுண்ட்’ முறையில் ராட்சத ஸ்பீக்கர்கள் வழியே மிகத் தாழ்ந்த அதிர்வுகளை அனுப்பி, பார்வையாளரின் நெஞ்சுக்கூட்டையே குலுக்கினார்கள். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து விழலாம் என்று வலை கட்டினார்கள். ஒலிக்கு ஆஸ்கர், காட்சி விளைவுகளுக்குச் சிறப்பு ஆஸ்கர். இரண்டும் உழைத்து வாங்கியவை.

சறுக்கல் நடிகர் தேர்வில். அவா கார்ட்னரின் அப்பாவாக லோர்ன் கிரீன் வருகிறார். நிஜத்தில் இருவருக்கும் 7 வயதுதான் வித்தியாசம். அந்த உறவு கடைசிவரை ஒட்டவே இல்லை. களைத்துப்போன போலீஸ்காரராக ஜார்ஜ் கென்னடி மட்டும் தொடக்கம் முதல் ஒரே சீராக ஆடுகிறார். 1906 பூகம்பத்தைச் சொன்ன ‘சான் ஃபிரான்சிஸ்கோ’ (1936) இந்த இடத்தில் முந்திவிடுகிறது. அதில் கிளார்க் கேபிளும் ஸ்பென்சர் டிரேசியும் நம் மனதில் நன்றாக உட்கார்ந்த பிறகுதான் நிலம் ஆடுகிறது. இங்கே இயக்குநர் மார்க் ராப்சன் ஆட்களை வரிசையாக அறிமுகம் செய்கிறார். யாரோடும் நின்று பேச அவருக்கு நேரமில்லை.

ஹெஸ்டனுக்கு ஒரு கணம் உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். அணை உடைந்து, வெள்ளம் நிலத்தடி வடிகாலுக்குள் பாய்கிறது. அவர் ஏணியில் தொங்குகிறார். மேலே தப்பிக்கும் வழி, காதலியும் அந்தப் பக்கம். கீழே, மனம் கசந்துபோன மனைவியை நீர் இழுத்துப் போகிறது. வசனம் எதுவும் இல்லை. ஒரு முறை மேலே பார்க்கிறார், பிறகு பிடியை விட்டுவிட்டு மனைவியின் பின்னால் போகிறார். இருவரும் திரும்பவில்லை. படம் முழுக்க இறுகிக் கிடந்த முகத்தில், அந்தச் சில விநாடிகளில்தான் ஒரு முழு மனிதர் தெரிகிறார்.