தண்டவாளத்தின் மறுபக்கம்

போரிலிருந்து மீண்ட ஒருவன், தன்னை வதைத்த நிலத்திற்கே முதுமையில் திரும்பிச் செல்லும் கதை திரைக்குப் புதிதன்று. ஆயினும் 2013இல் வெளிவந்த 'தி ரயில்வே மேன்' எனும் ஆங்கிலப் படம் ஜோகூர்த் தமிழருக்கு அயலார் கதையாக மட்டும் அமைந்துவிடவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் கைதிகளை ஏற்றிய சரக்கு வண்டிகள் ஜோகூர் பாரு, குளுவாங், சிகாமட் வழியாகவே சயாமுக்குச் சென்றன. அதே தண்டவாளத்தில்தான், பால்மரத் தொழில் நின்றுபோய்ப் பசித்திருந்த தோட்டத் தமிழரும் ஏற்றிச் செல்லப்பட்டனர்.

படத்தின் நாயகர் எரிக் லோமாக்ஸ், பிரிட்டிஷ் சமிக்ஞைப் படையின் அதிகாரியாக இருந்தவர். 1995இல் தம் நினைவுகளை நூலாக்கியவர். முகாமில் வானொலிக் கருவி மறைத்து வைத்திருந்த குற்றத்திற்காக 1943இல் காஞ்சனபுரியில் வதைக்கப்பட்டார். அவ்வதையின்போது மொழிபெயர்ப்பாளராக நின்றவர் நாகசே தகாஷி. முதிய லோமாக்ஸாகக் காலின் ஃபர்த்தும் முதிய நாகசேயாக ஹிரோயுகி சனடாவும் நடித்துள்ளனர்.

இயக்குநர் ஜானதன் டெப்லிட்ஸ்கியின் திறம் முற்பகுதியில் நன்கு வெளிப்படுகிறது. மனைவியிடமும் வாய் திறவாத கணவன், அவன் மௌனத்தின் முன் செய்வதறியாது நிற்கும் பட்டி, சங்கத்தில் கூடியும் ஒருவரோடொருவர் பேசாத பழைய வீரர்கள் ஆகியோரைக் காட்டுங்கால் படம் உண்மையின் அருகே நிற்கிறது. அம்மௌனத்தைக் காலின் ஃபர்த் சுமக்கும் விதத்தில் சிறிதும் மிகையில்லை.

பிற்பகுதியோ வேறு. திரையில் லோமாக்ஸ் முன்னறிவிப்பின்றிக் கத்தியுடன் காஞ்சனபுரிக்குச் செல்கிறார். நாகசேயைக் கூண்டில் அடைக்கிறார். நிகழ்ந்தது இவ்வாறன்று. நாகசே எழுதிய நூலைப் படித்த பட்டிதான் அவருக்கு முதலில் மடல் எழுதினார். கடிதங்கள் சென்று வந்த பின்னரே 1993இல் ஆற்றுப் பாலத்தருகே இருவரும் சந்தித்தனர். பகைவனிடமிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்கும் முதியவரின் விரல் நடுக்கத்தில் இல்லாத நாடகம் கத்தியில் என்ன இருக்கிறது? திரைத்துறைக்குக் காகிதத்தின்மீது நம்பிக்கை குறைவு போலும்! இம்மாற்றத்தால் முதல் அடி எடுத்து வைத்த பெண்ணின் பங்கும் சுருங்கிப் போயிற்று.

நிற்க. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் உழைத்த நேசநாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர். மாண்டோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். அவர்களுள் மடிந்தோரை ஏறக்குறைய 90,000 என்று கணிப்போர் உளர். எவரும் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கவில்லை. மலாயாவிலிருந்து சென்றவருள் பெரும்பான்மையோர் தமிழர். படத்திலோ அவர்களுள் ஒருவரேனும் பேசும் பாத்திரமாக இல்லை. 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' செய்ததும் இதுவே.

இதை மட்டுங்கொண்டு படத்தைக் குறைகூறுதல் முறையன்று. அது தனியொருவரின் வரலாறு. அவர் கண்டதை அவர் கூறினார். ஆனால் மன்னிப்பைப் பற்றிப் பேசும் ஒரு படைப்பிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. லோமாக்ஸுக்குத் தம் பகைவரின் பெயர் தெரியும்; முகம் தெரியும்; முகவரியும் கிடைத்தது. கிராணியின் பெயரேட்டிலிருந்து ஒரு விடியலில் காணாமற்போன தோட்டத் தொழிலாளி யாருக்குக் கடிதம் எழுதுவான்? உயிரோடு திரும்பியவனுக்கும் காத்திருந்தது பழைய லயன் வீடே. அவனைக் காஞ்சனபுரிக்கு அழைத்துச் செல்ல எந்தச் சங்கமும் வரவில்லை. சயாமுக்குப் பிடிபடுவதினும் மேல் என்று இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோரும் இருந்தனர். ஒரே தோட்டத்தில் ஒரு மகன் ஜப்பானியரின் தோழனாகவும் மற்றொருவன் அவர்களின் அடிமையாகவும் ஆன அக்காலத்தில், யார் யாரை மன்னிப்பது?

அக்கேள்வியைத் தொட முயன்றவை தமிழ் நாவல்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவற்றில், வதைத்தவனின் முகத்தைவிட உடன் நடந்தவனின் முகமே மிகுதியும் நினைவில் நிற்கிறது. படத்தின் பகட்டும் பொருட்செலவும் அவற்றுக்கு இல்லை. படம் பாராத திசையை அவை பார்த்தன.

லோமாக்ஸ் 2012இல், படம் வெளிவருமுன்பே மறைந்தார். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் துயில்கின்றனர். தமிழ்த் தொழிலாளர்க்கென அவ்வூரில் நடுகல் நாட்டப்பெற்றது 2023இல்தான்.