பாக்கெட் தூள் மீது விழுந்த பழி

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே சாம்பார்ப் பொடியும் குழம்பு மிளகாய்த்தூளும் சிக்கன் மசாலாவும் சரம் சரமாகத் தொங்கும். ஒரு பக்கம் கிண்டி தொழிற்பேட்டையின் பட்டறைகள், இன்னொரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள். இரண்டிலும் வேலை பார்க்கிறவர்கள் வீடு திரும்பி அடுப்பைப் பற்ற வைக்க இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. பாக்கெட்டைக் கத்தரித்துத் தூவி, தண்ணீர் ஊற்றி, குக்கரை மூடி, இரண்டு விசிலில் குழம்பை இறக்கிவிடுகிறார்கள். தட்டில் விழுந்ததும் பெரியவர்களிடமிருந்து தீர்ப்பு வந்துவிடும்: “பாக்கெட் தூள் போட்டா இப்படித்தான் இருக்கும், மில்லுல குடுத்து அரைச்சிருக்கணும்.” இந்தத் தீர்ப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, குற்றவாளியைத் தப்பவிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவனைப் பிடித்துக்கொள்கிறது. தூள் எங்கே அரைபட்டது என்பதைவிட, அது வாணலியில் எந்த நேரத்தில், எதற்குள் விழுகிறது என்பதுதான் குழம்பின் ருசியைத் தீர்மானிக்கிறது.

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடலாம். மில்லுக்குப் போகிற வீட்டுக்காரர்கள் மிளகாயைத் தாங்களே பார்த்து வாங்குகிறார்கள். காரத்துக்கு ராமநாதபுரம் குண்டு, நிறத்துக்குப் பைடகி, இரண்டுக்கும் நடுவே நீட்டு மிளகாய் என்று கலந்து, எவ்வளவு மல்லி, எவ்வளவு மிளகு, வெந்தயம் எத்தனை கரண்டி என்பதைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறார்கள். ஒரே தெருவில் ஐந்து வீட்டுக் குழம்பு ஐந்து வாசனையில் இருந்ததற்கு இதுவே காரணம். ஈரோட்டில் 1975-இல் தொடங்கிய சக்தி மசாலாவும், சென்னையில் 1995-இல் தொடங்கிய ஆச்சி மசாலாவும் பாக்கெட் தூள்களைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தன. திருநெல்வேலிக்காரர் வீட்டிலும் வேலூர்க்காரர் வீட்டிலும் ஒரே அளவுக் கலவை போய் உட்கார்ந்தது. அந்த வித்தியாசம் மழுங்கிப்போனது உண்மையான இழப்புதான். அதை மறுக்க முடியாது.

ஆனால் மில் தூளுக்கு நாம் கட்டும் கோயில் கொஞ்சம் பெரிது. மில்லிலிருந்து தூள் சூடாகவே வெளியே வருகிறது. அந்தச் சூட்டிலேயே எளிதில் ஆவியாகும் மணத்தில் ஒரு பங்கு மில்லுக்குள்ளேயே போய்விடும். தெருவே தும்முகிறதே, அது நம் வீட்டுக் குழம்புக்கு வரவேண்டிய வாசனை. கொண்டுவந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிடாமல் டப்பாவில் அடைத்தால் ஈரம் கோத்துக் கட்டி தட்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும், மூன்று கிலோவை ஒரேயடியாக அரைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிற வழக்கம் இருக்கிறதே, அதுதான் பெரிய ஓட்டை. முழு மல்லி தன் எண்ணெயைத் தோலுக்குள் பத்திரமாக வைத்திருக்கும்; அரைத்துவிட்டால் காற்று படும் பரப்பு பல மடங்கு பெருகி, மணம் நாளுக்கு நாள் இறங்கும். பத்தாவது மாத மில் தூளையும் நேற்றுப் பிரித்த ஐம்பது கிராம் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் பாக்கெட் ஜெயிக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, குற்றவாளி யார்? தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை திறந்த வாணலியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மூடிய குக்கரில்கூட 120 சுமாருக்கு நின்றுவிடும். வெங்காயம் பொன்னிறமாகி இனிப்பும் கசப்பும் கலந்த அந்த ஆழமான ருசி விரைவாகப் பிறக்க 140 டிகிரி அளவுக்குப் போகவேண்டும். அதற்கு வெங்காயத்தின் ஈரமும் தக்காளியின் ஈரமும் வற்றியாக வேண்டும். நம் பாட்டிகள் இதற்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளவில்லை. “எண்ணெய் பிரிஞ்சு வரணும்” என்றார்கள். அளவுகோலாக இதைவிடக் கச்சிதமானது கிடையாது. தக்காளி குழைந்து தோல் சுருண்டு தனியே ஒதுங்கும். ஈரம் இருக்கிறவரை தளதளவென்று கேட்ட சத்தம் மெல்ல மாறிச் சடசடப்பாகும். கரண்டியால் விழுதை ஓரமாக ஒதுக்கினால் காலியான இடத்தில் எண்ணெய் கோடாக ஓடிவரும். தூள் விழவேண்டிய நேரம் அதுதான். மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரையும் வகை, உறைப்பும் அப்படியே. தண்ணீரில் போட்டால் தூள் தூளாகவே மிதந்து, ஆறியதும் அடியில் வண்டலாகத் தங்கும். எண்ணெயில் போட்டால் அரை நிமிஷத்தில் நிறம் இறங்கி, மணம் குழம்பு முழுக்கப் பரவத் தயாராகிவிடும். அந்த அரை நிமிஷம் தீ தணிந்திருக்க வேண்டும், கரண்டி நிற்கக் கூடாது. கருகிய மிளகாய்த்தூளுக்கு மன்னிப்பே இல்லை.

சமையல் தெரிந்தவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: சாம்பாரில் பொடியைக் கொதிக்கிற புளித் தண்ணீரில்தானே போடுகிறோம், அது மணக்கவில்லையா? மணக்கிறது. காரணம், பழைய முறைச் சாம்பார்ப் பொடியில் மல்லி, கடலைப்பருப்பு, வெந்தயம், மிளகாய் எல்லாம் வாணலியில் வறுபட்டுத்தான் அரைபடுகின்றன. எண்ணெயிலோ வெறும் சட்டியிலோ நடக்கவேண்டிய வேலை முன்பே முடிந்துவிட்டது. மயிலாப்பூர்ப் பக்கத்து அரைத்துவிட்ட சாம்பார் இதே வேலையை அன்றன்றைக்குச் செய்கிறது. அதனால்தான் அதன் வாசனைக்கு எந்தப் பொடியும் ஈடாகாது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ புத்தகத்தில் பொடி வகைகளும் உண்டு, வறுத்து அரைத்துச் செய்வதும் உண்டு. இரண்டும் பகையாளிகள் என்ற எண்ணம் பின்னால் வந்ததுதான். வெயிலில் காயவைத்துப் பச்சையாக அரைத்த குழம்புத்தூள் வேறு ஜாதி. அதை வறுத்த பொடியைப் போல நடத்தி, நேராகத் தண்ணீரில் கரைத்துவிட்டு, “பச்சை வாசனை போகலியே” என்று இருபது நிமிஷம் கொதிக்கவிடுகிறோம். பச்சை வாசனை போகும்போது நல்ல வாசனையும் அதோடு சேர்ந்து கிளம்பிவிடுகிறது. பாக்கெட்டுகளின் மேல் நான் வைக்கும் குறை இதுதான்: உள்ளே இருப்பது வறுத்ததா பச்சையா என்று பளிச்சென்று சொல்லும் உறை அபூர்வம்.

எட்டு மணிக்கு அடுப்பேற்றுகிறவர்களுக்கு எண்ணெய் பிரியும்வரை நிற்க நேரம் ஏது என்பது அடுத்த ஆட்சேபம். கணக்குப் பார்த்தால் கூடுதலாக ஆகிறது எட்டுப் பத்து நிமிஷம். இருபது நிமிஷக் கொதியில் பாதி மிச்சமாவதால் அதுவும் ஈடாகிவிடும். பிரிட்டனில் வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து போனவர்கள் நடத்தும் உணவகங்களைப் பாருங்கள். வெங்காயத்தை அண்டாவில் மணிக்கணக்காக வேகவைத்து அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆர்டர் வந்ததும் தூளை எண்ணெயில் புரட்டி, அந்த விழுதை ஊற்றிச் சில நிமிஷத்தில் இறக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் தக்காளியை வதக்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வது நம் ஊரிலும் நடக்கக்கூடியதுதான். கோழிக் குழம்புக்கும் முட்டைக் குழம்புக்கும் அது நன்றாகவே உதவும். வத்தக் குழம்புக்கு ஆகாது. அதன் உயிர் நல்லெண்ணெயிலும் புளியிலும் இருக்கிறது, அங்கே தக்காளி விழுது வேண்டாத விருந்தாளி. எண்ணெய் அதிகம் செலவாகுமே என்பவர்களுக்கு: பிரிந்து வரவேண்டியது ஏற்கெனவே ஊற்றிய எண்ணெய்தான், புதிதாக ஊற்றும் எண்ணெய் இல்லை. அடி பிடித்தால் கையால் ஒரு தெளி தண்ணீர் போதும்.

அம்மியில் அரைத்தால்தான் ருசி என்கிற ஏக்கத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கல்லில் நசுங்கும் தேங்காயும் மிளகாயும் மிக்ஸி பிளேடில் அறுபடுவதைவிட மெருகாக இருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த மெருகுக்குத் தினமும் குனிந்தது யாருடைய முதுகு என்று கேட்டால் ஏக்கப்படுகிறவர்களில் பலர் பேச்சை மாற்றுவார்கள். பாக்கெட் தூள் பெண்களின் உழைப்பில் ஒரு பெரிய பங்கைக் குறைத்தது. ருசியின் பெயரால் அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

சுத்தம் என்ற வாதத்தில் இரண்டு தரப்புக்கும் முழு மதிப்பெண் தர முடியாது. 2024 ஏப்ரலில் ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம், எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி இருந்ததாகச் சொல்லி இந்தியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களுடைய சில மசாலாக்களின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அந்தப் பட்டியலில் ஒன்றின் பெயர், வேடிக்கைதான், ‘மெட்ராஸ் கறி பவுடர்’. மில் தூளில் கலப்படப் பயம் குறைவு என்பது உண்மை. வயலிலேயே மிளகாய் மேல் அடித்த பூச்சிமருந்தை எந்த மில்லும் பிரித்து எடுப்பதில்லை என்பதும் உண்மை.

ஆகவே மில்லுக்குப் போகிறவர்கள் மூன்று கிலோவுக்குப் பதில் அரைக் கிலோவாக அரையுங்கள். பாக்கெட் வாங்குகிறவர்கள் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். எதை வாங்கினாலும், எண்ணெய் பிரியும்வரை தண்ணீர்ச் சொம்பை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.